உமி ஊதி ஏன் குலுங்கியது: வன்னி அரிசி ஆலையொன்றின் அதிர்வுக் கணக்கு

காலபோக நெல் வந்து குவியும் மாதங்களில் அரிசி ஆலையில் ஓய்வில்லாமல் ஓடும் பொறிகளில் ஒன்று உமி ஊதி. நெல்லை உடைத்தவுடன் உமியை இழுத்து வெளியே தள்ளுவது அதன் வேலை. அது நின்றால் ஆலையே நிற்கும். பரந்தனிலிருந்து மாங்குளம் வரை ஏ9 வீதியோரம் உள்ள நடுத்தர ஆலைகள் பலவற்றிலும் இதன் பொருத்தல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: கொங்கிறீற் தளம், அதன் மேல் நாலு கால் இரும்புச் சட்டகம், சட்டகத்தின் மேல் விசிறியும் மோட்டரும், இரண்டையும் இணைக்கும் வீ பெல்ட். கீழே வருவது எந்த ஒரு குறிப்பிட்ட ஆலையையும் பற்றியது அல்ல. அந்தப் பொருத்தலை எடுத்து, எண்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி கட்டிய மாதிரி நிகழ்வு. படிப்பவர் தன் ஆலையின் எண்களை இதே வரிசையில் போட்டுப் பார்க்கலாம்.

பொருத்தலின் விபரம்

மோட்டர் 5.5 கிலோவாற், நிமிடத்துக்கு 1,440 சுற்று. விசிறித் தண்டில் 180 மில்லிமீற்றர் கப்பி. மோட்டரில் முதலில் இருந்தது 125 மில்லிமீற்றர் கப்பி. விசிறி 1,000 சுற்றில் ஓடியது. இரண்டாவது உடைப்பான் பொருத்திய பிறகு இழுவை போதவில்லை என்று மோட்டர்க் கப்பியை 150 மில்லிமீற்றருக்கு மாற்றினார்கள். விசிறி 1,200 சுற்றுக்கு ஏறியது. காற்று 20 வீதம் கூடியது. விசிறி கேட்கும் வலுவோ வேகத்தின் முப்படியில் ஏறும்: 3 கிலோவாற்றில் இருந்து 5.2 கிலோவாற். பெல்ட் இழப்பையும் சேர்த்தால் மோட்டர் அதன் எல்லைக்கே வந்துவிட்டது. அது தனிக் கதை; கடைசியில் திரும்ப வரும்.

சட்டகத்தின் கால்கள் 50க்கு 50, தடிப்பு 3 மில்லிமீற்றர் பொக்ஸ் பார். நீளம் 750 மில்லிமீற்றர். கால்களுக்கிடையே நான்கு பக்கமும் 900 மில்லிமீற்றர். குறுக்குத் தாங்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு காலின் அடியிலும் 6 மில்லிமீற்றர் தகடு, அதில் இரண்டு 10 மில்லிமீற்றர் அங்கர் போல்ட். விசிறியும் கூடும் 130 கிலோ, மோட்டர் 55, மேற்சட்டமும் பெல்ட் மறைப்பும் 33, கால்களின் திணிவில் பாதி 7. ஆடும் திணிவு மொத்தம் 225 கிலோ.

1,000 சுற்றில் ஆண்டுக்கணக்காக ஓடியபோது எவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1,200 இல் முதல் நாளே சட்டகம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. சில கிழமைகளில் கால் தலைப்புகளின் வெல்டிங் வெடித்தது. விசிறித் தண்டைத் தாங்கும் யூ.சி.பி 208 பெயாரிங்கின் பூட்டு ஸ்குரூ இளகித் தண்டைத் தேய்த்தது.

செய்து பார்த்தவை

முதல் சந்தேகம் விசிறிச் சக்கரத்தின் மேல் விழுந்தது. அதில் நியாயம் உண்டு. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா. நாள் முழுக்க மணற்தாளால் தேய்ப்பதற்குச் சமமாக அது இறகுகளை அரிக்கிறது. புழுங்கல் அரிசி குற்றும் ஆலையில் ஈரத் தவிடு இறகின் பின்புறம் படைபடையாக ஒட்டுவதும் வழக்கம். ஆகவே சக்கரத்தைக் கழற்றி லேத் பட்டறையில் சமன் செய்து பூட்டினார்கள். ஆட்டம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. சில கிழமை போக, மீண்டும் பழையபடி.

அடுத்தது பழைய ரயர். லொறி ரயரில் வெட்டிய துண்டுகளை நாலு காலின் அடியிலும் வைத்து அங்கர் போல்ட்டை நன்றாக இறுக்கினார்கள். ஒரு மாற்றமும் இல்லை. போல்ட்டை இளக்கியபோது ஆட்டம் குறைந்தது. ஆனால் பெல்ட் இழுவையில் சட்டகம் சரிந்தது, பெல்ட் கிரீச்சிட்டது, விசிறியை நிறுத்தும்போது நடுவழியில் முழுச் சட்டகமும் ஒரு தரம் பெரிதாக ஆடி அடங்கியது. பயந்து திரும்ப இறுக்கினார்கள். 1,200 இல் மறுபடி குலுக்கம். “இறுக்கினால் ஆட்டம் கூடுது, இளக்கினால் குறையுது” என்பது எல்லா இடத்திலும் கேட்கிற முறைப்பாடு. மெக்கானிக்குகள் இதைக் குழப்பம் என்று ஒதுக்கிவிடுவார்கள். உண்மையில் நோயின் பெயரைச் சொல்லும் அறிகுறி அதுதான். வெறும் சமனின்மையோ (சக்கரத்தின் எடை ஒரு பக்கம் கூடியிருப்பது) கெட்ட பெயாரிங்கோ இருந்தால் போல்ட்டை இறுக்கி ஆட்டத்தைக் கூட்ட முடியாது. இறுக்கினால் கூடுகிறது என்றால், சட்டகத்தின் இயற்கை மீடிறன், அதாவது தட்டிவிட்டால் அது தானாகச் செக்கனுக்கு எத்தனை தரம் ஆடும் என்பது, ஓடும் வேகத்தை நோக்கி நகர்கிறது என்று பொருள்.

அளந்தது எப்படி

விலை கூடிய கருவி தேவையில்லை. கைபேசியில் உள்ள ஆர்முடுகல் உணரி செக்கனுக்கு நூறு தரத்துக்கு மேல் வாசிக்கும். 20 ஹேர்ட்ஸ் ஆட்டத்துக்கு, அதாவது செக்கனுக்கு 20 தரம் ஆடுவதற்கு, அது தாராளம். ஆகென் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஃபைஃபொக்ஸ் என்ற இலவசச் செயலி அந்த வாசிப்பைப் பதிந்து கோப்பாகத் தரும். கைபேசியை இருபக்க ஒட்டுநாடாவால் மேற்சட்டத்தில் இறுக ஒட்ட வேண்டும். சும்மா வைத்தால் அது தானே துள்ளி, பொய் எண் தரும்.

ஓடும்போது பக்கவாட்டு ஆர்முடுகலின் உச்சம் செக்கன் வர்க்கத்துக்கு 4.9 மீற்றர். 20 ஹேர்ட்ஸுக்குரிய கோண வேகம் 125.7 ஆல் வகுத்தால் அதிர்வு வேகத்தின் உச்சம் செக்கனுக்கு 39 மில்லிமீற்றர். உச்சத்தை 1.414 ஆல் வகுத்தால் வர்க்க இடை மூல அளவு 27.6. இவ்வகை ஆலை விசிறிகள் நெகிழ்வான தாங்கியில் நிற்கும்போது, அதிர்வு 12.5 ஐ எட்டினாலே நிறுத்திவிட வேண்டும் என்கிறது விசிறிகளுக்கான சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ 14694. இங்கே அதன் இரட்டிப்புக்கு மேல்.

பிறகு பொறியை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மேற்சட்டத்தைப் பக்கவாட்டில் மரச் சுத்தியலால் ஒரு தட்டு. பதிவில் தணிந்துகொண்டே போகும் அலை கிடைக்கும். பத்து அலைவுக்கு 0.508 செக்கன், ஆகவே இயற்கை மீடிறன் 19.7 ஹேர்ட்ஸ். ஓடும் வேகம் 1,200 சுற்று என்றால் 20 ஹேர்ட்ஸ். இடைவெளி ஒன்றரை வீதம்தான்.

தணிப்பும், அதாவது ஆட்டம் எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதும், அதே அலையில் இருக்கிறது. முதல் உச்சம் 2.40, பத்து அலைவு கழித்து 0.75. விகிதம் 3.2, அதன் இயற்கை மடக்கை 1.163, பத்தால் வகுத்தால் ஓர் அலைவுக்கு 0.1163, அதை 6.28 ஆல் வகுத்தால் தணிப்பு விகிதம் 0.0185. இரண்டு வீதம்கூட இல்லை. வெல்ட் செய்த இரும்புச் சட்டகத்துக்கு இது வழமையான எண். இரும்பு தன்னுள்ளே சக்தியை அதிகம் விழுங்காது.

விசிறித் தண்டின் நீளவாட்டில், அதாவது மற்றக் கிடைத் திசையிலும் தட்டிப் பார்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுவார்கள். இங்கே அது 23 ஹேர்ட்ஸ். விசிறிக்கு அது பாதுகாப்பான தூரம்தான், ஆனால் மோட்டர் 24 ஹேர்ட்ஸில் சுற்றுகிறது.

விறைப்பை நேரடியாக அளக்க, சட்டகத்தை ஒரு தூணோடு இணைத்துச் செயின் புளொக்கால் 1,000 நியூற்றன் இழுத்தார்கள். கிட்டத்தட்ட 102 கிலோ எடை, இடையில் ஒரு விற்றராசு. டயல் கேஜ் காட்டிய நகர்வு 0.29 மில்லிமீற்றர். ஆகவே விறைப்பு மில்லிமீற்றருக்கு 3,450 நியூற்றன். கேஜின் தாங்கியை அதே தளத்தில், சட்டகத்தின் காலடியில் வைக்கக் கூடாது. தளமும் சேர்ந்து சரிவதால் நகர்வு குறைவாகத் தெரியும். சுவரிலோ தூரத்துத் தூணிலோ பிடிக்க வேண்டும்.

சரிபார்ப்பு: விறைப்பைத் திணிவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து 6.28 ஆல் வகுத்தால் 19.7. தட்டிப் பார்த்ததும் இழுத்துப் பார்த்ததும் ஒரே இடத்துக்கு வருகின்றன. இப்படி இரண்டு வழியில் வந்து பொருந்தாத எண்ணை வைத்து இரும்பு வெட்டப் போகக் கூடாது.

மூன்று விசைகள்

ஆடும் எந்தப் பொறியிலும் மூன்று எதிர்ப்பு விசைகள் உண்டு. விறைப்பு விசை இடப்பெயர்ச்சிக்கு ஏற்ப வரும். நடுநிலைக்குத் திருப்பி இழுக்கும். சடத்துவ விசை ஆர்முடுகலுக்கு ஏற்ப வரும். எளிய அலைவில் ஆர்முடுகல் இடப்பெயர்ச்சிக்கு நேர் எதிரானது என்பதால், இவ்விசை விறைப்பு விசைக்கு எதிர்த் திசையில் நிற்கும். தணிப்பு விசை வேகத்துக்கு ஏற்ப வரும். இரண்டுக்கும் கால் அலைவு தள்ளி, வேறு அவத்தையில் இருக்கும். வெளியிலிருந்து தள்ளும் விசையை இந்த மூன்றும் சேர்ந்துதான் சமன் செய்ய வேண்டும்.

வெளியிலிருந்து தள்ளுவது எவ்வளவு? சக்கரம் 22 கிலோ. அரிப்பாலும் தவிட்டாலும் வந்த சமனின்மை 300 மில்லிமீற்றர் ஆரையில் 11 கிராம் என்று வையுங்கள். ஒரு நட்டின் எடை. 1,200 சுற்றில் அது தரும் விசை 52 நியூற்றன். ஒரு கையால் தள்ளக் கூடிய விசை. அதை அசையாமல் கொடுத்தால் சட்டகம் 0.015 மில்லிமீற்றர் நகரும், அவ்வளவே. ஆனால் ஓடும்போது வீச்சம் 0.311 மில்லிமீற்றர். இருபது மடங்கு.

அந்த 0.311 இல் மூன்று விசைகளையும் கணக்கிட்டுப் பாருங்கள். விறைப்பு விசை 1,073 நியூற்றன். சடத்துவ விசை 1,105 நியூற்றன். இரண்டும் எதிரெதிர், மிச்சம் வெறும் 32. தணிப்பு விசை 40. இந்த 32 உம் 40 உம் செங்கோணத்தில் கூடினால் 52 வருகிறது. விளையாட்டுப் போட்டியில் கயிறிழுப்பது போல இரண்டு பெரிய அணிகள் ஒன்றையொன்று சமமாக இழுத்துக்கொண்டு நிற்க, ஒரு சிறுவன் எந்தப் பக்கம் தொட்டாலும் கயிறு நகரும் நிலைமை இது. சட்டகம் பலவீனமானதால் ஆடவில்லை. அதன் ஆயிரம் நியூற்றன் பலத்தைச் சடத்துவம் தின்றுவிட்டதால் ஆடுகிறது.

பழைய 1,000 சுற்றுக்கு இதே கணக்கு: தள்ளும் விசை 36 நியூற்றன், வீச்சம் 0.037 மில்லிமீற்றர், வேகம் வர்க்க இடை மூலத்தில் 2.7. சமனின்மை அன்றும் அதே அளவு இருந்திருக்கும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு ஏறியதற்கு ஆட்டம் பத்து மடங்கு ஏறியது.

சமன் செய்தது ஏன் நிலைக்கவில்லை

சமனின்மையை மூன்றில் ஒன்றாக்கினால் 27.6 என்பது 9.2 ஆகும். ஜீ 6.3 என்ற சமன் தரத்துக்குச் சரிசெய்த சக்கரத்தில் எஞ்சும் அளவு ஏறத்தாழ அதுதான். எல்லைக்குள் வந்தது போலத் தோன்றும். ஆனால் இருபது மடங்குப் பெருக்கம் அப்படியே இருக்கிறது. இறகில் நாலைந்து கிராம் தேய்ந்தாலே மீண்டும் எல்லை தாண்டும்.

இன்னொரு தொல்லை, பொறியிலேயே வைத்துப் பரீட்சை எடை ஒட்டிச் சமன் செய்ய முயலும்போது வரும். பரிவுக்கு, அதாவது ஓடும் வேகமும் இயற்கை மீடிறனும் ஒன்றாகும் இடத்துக்கு, பக்கத்தில் அவத்தைக் கோணம் மிக வேகமாகப் புரளும். 1,200 சுற்றில், விசைக்கும் ஆட்டத்துக்கும் இடையே கோணம் 129 பாகை. மாலையில் வோல்ற்றளவு விழுந்து மோட்டர் ஒரு வீதம் மெதுவானால் விசிறி 1,188 சுற்று; கோணம் 104 பாகை. ஒரு வீத வேக மாற்றத்துக்கு 25 பாகை. காலையில் குறித்த இடத்தில் மாலையில் எடை ஒட்டினால் அது தவறான இடத்தில் விழும். இரண்டு நாள் முயன்றும் சமன் வரவில்லை என்று சொல்லும் ஆலைகளில் முதலில் சட்டகத்தைத் தட்டிப் பாருங்கள்.

ரயர் செய்ததும் செய்யாததும்

அங்கர் போல்ட் ரயர்த் துண்டின் நடுவாகப் போய் மேலிருந்து இறுக்கினால், காலுக்கும் தளத்துக்கும் இடையே இரும்பே பாலமாகிவிடும். றப்பர் நெரிந்து கிடக்கும். ஆட்டத்தில் பங்கு கொள்ளாது. அதனால்தான் மாற்றமில்லை.

போல்ட்டை இளக்கியபோது காலின் அடி திருகத் தொடங்கியது. இரு தலைப்பும் விறைப்பாகப் பிடித்த காலோடு ஒப்பிட்டால் ஒரு தலைப்பு தளர்ந்த காலின் விறைப்பு கால் பங்கு. இயற்கை மீடிறன் பாதிக்கு, 10 ஹேர்ட்ஸ் அளவுக்கு, விழும். கொஞ்சமே இளக்கி 18 ஹேர்ட்ஸுக்கு இறக்கினால்கூட 27.6 என்பது 7 க்குக் கிட்ட வந்துவிடும். முறைப்பாட்டின் விளக்கம் இதுதான். ஆனால் இப்போது 600 சுற்றைக் கடக்கும் ஒவ்வொரு தரமும் பரிவு வரும். தொடங்கும்போது மோட்டர் சட்டென்று ஏறிவிடும். நிறுத்தும்போது கனமான சக்கரம் மெல்ல மெல்லத்தான் நிற்கும், அங்கேதான் ஆட்டம் பெருகும்.

மென்மையாக்குவது தவறான வழி என்று எண்ண வேண்டாம். முறையாகச் செய்தால் நல்ல வழி. எடையால் எத்தனை மில்லிமீற்றர் அமுங்குகிறதோ அதன் வர்க்கமூலத்தால் 15.76 ஐ வகுத்தால் நிலைக்குத்து இயற்கை மீடிறன் கிடைக்கும். 20 ஹேர்ட்ஸைத் தனிமைப்படுத்த இயற்கை மீடிறன் அதன் மூன்றில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது, அதாவது 6.7, அதற்கு 5.5 மில்லிமீற்றர் அமுங்க வேண்டும். ரயர்த் துண்டு ஒன்றின் மேல் 56 கிலோ நிற்கிறது. அது 0.2 மில்லிமீற்றர் அமுங்கினால் 35 ஹேர்ட்ஸ். ஆகவே ரயர் 20 ஹேர்ட்ஸைத் தடுக்காது. உண்மையான விற்சுருள் தாங்கி வைப்பதானால் மோட்டரும் விசிறியும் ஒரே விறைப்பான அடிச்சட்டத்தில் இருக்க வேண்டும், குழாய் இணைப்பில் ரெக்சின் போன்ற நெகிழ்துணி வேண்டும், பக்கவாட்டு நிறுத்திகள் வேண்டும். உமித்தூள் விற்சுருளுக்குள் அடைந்து இறுகாமல் யாராவது பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் அறுவடைக் காலத்தில் பொய்த்துப் போகும்.

தணிப்பைக் கூட்டினால்?

பரிவில் தணிப்பு மட்டுமே எஞ்சி நிற்கிறது என்றால் அதைக் கூட்டுவதுதானே வழி என்று கேட்கலாம். இப்போது உள்ள தணிப்புக் குணகம் வேகத்தின் ஒரு மீற்றர்/செக்கனுக்கு 1,030 நியூற்றன். இதை இரட்டித்தால் 27.6 என்பது 16.5 ஆகும், இன்னும் எல்லைக்கு வெளியே. ஐந்து மடங்காக்கினால் 7.

ஐந்து மடங்குக்கு மோட்டார் சைக்கிள் அதிர்ச்சி தாங்கிகளைச் சட்டகத்துக்கும் சுவருக்கும் இடையே பூட்டுவோர் உண்டு. அது வேலை செய்யாது. அந்தத் தாங்கிகள் பல பத்து மில்லிமீற்றர் ஓட்டத்துக்குச் செய்யப்பட்டவை. இங்கே ஓட்டம் 0.3 மில்லிமீற்றர். இரு முனையிலும் உள்ள றப்பர் புஷ் அந்த 0.3 ஐத் தானே விழுங்கிவிடும். உள்ளே எண்ணெய் துளையைக் கடந்து அசையவே அசையாது. சீல் உராய்வு வேறு பிடித்துக்கொள்ளும். சிறிய ஆட்டத்துக்குத் தணிப்பான் போடுவதானால் இணைப்பில் துளியும் இளக்கம் இருக்கக் கூடாது. ஊர்ப் பட்டறையில் அது எளிதல்ல.

பரிவுக்கு வெளியே போனால் தணிப்புக்கு வேலையே இல்லை. 1,000 சுற்றில் தணிப்பை இரட்டித்தால் ஆட்டம் குறைவது 2 வீதம். பரிவுக்குக் கீழே ஓடும் பொறியை விறைப்பு ஆளுகிறது, மேலே ஓடுவதைத் திணிவு ஆளுகிறது, நடுவில் அந்த ஒடுங்கிய இடத்தில் மட்டும் தணிப்பு. எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியாமல் றப்பர், எடை, இரும்பு எதையும் வாங்குவது வீண் செலவு.

இரண்டு சீமெந்துப் பை

கைபேசி வாசிப்பில் நம்பிக்கை இல்லாதவருக்கு ஒரு கைப் பரிசோதனை. 50 கிலோ சீமெந்துப் பை இரண்டை மேற்சட்டத்தில் வைத்து அசையாமல் கட்டுங்கள். திணிவு 325 கிலோ. இயற்கை மீடிறன் 16.4 க்கு இறங்கும். பரிவுதான் காரணம் என்றால் ஆட்டம் உடனே 27.6 இலிருந்து 3 க்குக் கிட்ட விழும். வெறும் சமனின்மை என்றால் இப்படி விழாது. அறுவடையின் நடுவில் வெல்டிங்குக்கு ஆலையை நிறுத்த முடியாதபோது, நூறு கிலோ கொங்கிறீற்றை, நாற்பது லீற்றருக்குச் சற்று மேல், மேற்சட்டத்தில் வார்த்து ஒரு போகத்தை ஓட்டலாம். நிறுத்தும்போது 16.4 ஐக் கடக்கும் ஆட்டம் மட்டும் இருக்கும்.

இன்னொன்று: மின்சாரத்தை நிறுத்திவிட்டு வாசிப்பைப் பாருங்கள். இங்கே ஆட்டம் விழுவதற்கு முன் ஒரு கணம் 0.31 இலிருந்து 0.40 நோக்கி ஏறும். 1,182 சுற்றைக் கடக்கிற கணம் அது.

தாள் சொன்னதும் தளம் சொன்னதும்

கால்களின் விறைப்பைப் பாடப் புத்தகச் சூத்திரத்தில் போட்டால், இரு தலைப்பும் அசையாது என்று கொண்டு, நாலு காலுக்கும் 4,744 வருகிறது. அந்தக் கணக்கில் இயற்கை மீடிறன் 23.1. இழுத்துப் பார்த்தது 3,450. இடைவெளியைத் தின்றது அடித்தகட்டின் வளைவும் தளத்தின் சரிவும்தான். தொடராக நிற்கும் இரண்டு விற்களாகக் கொண்டால் தளத்தின் பங்கு 12,650. மெல்லிய தளமும் நெருக்காத நிரப்பு மண்ணும் உள்ள இடத்தில் இது இன்னும் குறையும். முருங்கன் பக்கத்துக் கருங்களியில், மாரியில் வீங்கிக் கோடையில் வெடிக்கும் மண்ணில், ஒரே சட்டகம் மாசியில் ஒரு மீடிறனும் ஆவணியில் வேறொன்றும் காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

திருத்தம்: ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மூலைவிட்டம். 40க்கு 40, தடிப்பு 5 மில்லிமீற்றர் அங்கிள் இரும்பு, நீளம் 1.17 மீற்றர், நாலு துண்டு. மொத்தம் 14 கிலோ. ஒரு மூலைவிட்டம் பக்கவாட்டில் தரும் விறைப்பு 38,190. நாலு காலும் சேர்ந்து தருவதன் எட்டு மடங்கு. வளைவதை விட நீளவாட்டில் இழுபடும் இரும்பு எவ்வளவு விறைப்பானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஒரு திசைக்கு இரண்டு மூலைவிட்டம், கால்கள், தொடராகத் தளம்: மொத்தம் 10,940. கணக்கில் 34.6 ஹேர்ட்ஸ். தட்டிப் பார்த்தால் 33.5.

பக்கத்துக்கு ஒன்று போதுமா, குறுக்கும் மறுக்குமாக இரண்டு போட வேண்டாமா என்று கேட்பார்கள். இரண்டு போட்டால் 34.6 என்பது 35.2 ஆகும். இப்போது சங்கிலியின் மெல்லிய கண்ணி தளம். இரும்பை எவ்வளவு கூட்டினாலும் அது விடாது. தளத்தையும் தடிப்பாக்கி இரட்டிப்பு விறைப்பாக்கினால் 46 ஹேர்ட்ஸ் வரும். மோட்டர் வேகத்தின் இரு மடங்கு 48. அதாவது ஒரு பரிவிலிருந்து இன்னொன்றின் வாசலுக்குப் போவது. 33.5 இல் நிறுத்துவது மேல். மோட்டரின் 24 க்கு 40 வீதம் மேலே, விசிறி வேகத்தின் இரு மடங்கான 40 க்கு 16 வீதம் கீழே.

வெல்டிங் செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. மூலைவிட்டத்தின் முனை காலும் மேற்சட்டமும் சந்திக்கும் மூலைக்கே வர வேண்டும். வசதி என்று ஒரு சாண் கீழே பற்றவைத்தால் அந்த ஒரு சாண் கால் வளைந்துகொண்டே இருக்கும், பாதிப் பயன் போய்விடும். மூலையில் 6 மில்லிமீற்றர் முக்கோணத் தகடு வைத்துப் பற்றவைப்பது நல்லது. பெல்ட் மாற்ற வழி வேண்டும் என்று ஒரு பக்கத்தைக் கழற்றக்கூடியதாகச் செய்தால், போல்ட் துளை போல்ட்டுக்கு இறுக்கமாக இருக்கட்டும். 12 போல்ட்டுக்கு 14 துளை என்றால் அந்த இளக்கத்துக்குள் சட்டகம் பழையபடி ஆடும். வெடித்த பழைய வெல்டிங்கின் மேல் பூசக் கூடாது. அரைத்து அடிவரை எடுத்துத் திரும்பப் போட வேண்டும். கால் தலைப்பில் தகைப்பு சதுர மில்லிமீற்றருக்கு முன்பின் 12 நியூற்றன்தான், சின்ன எண். ஆனால் எட்டு மணி நேர ஓட்டத்தில் 5,76,000 அலைவு. விளிம்பில் பள்ளம் விழுந்த வெல்டிங் அதைத் தாங்காது.

மின்வெல்டிங்கின் பூமிக் கவ்வியைப் பற்றவைக்கும் மூலையிலேயே பிடிக்க வேண்டும். விசிறிக் கூட்டில் பிடித்தால் மின்னோட்டம் பெயாரிங்கின் குண்டுகள் வழியே பாய்ந்து பாதையைப் பொத்தலாக்கும். ஒரு மாதத்தில் பெயாரிங் இரையும், பழி அதிர்வின் மேல் விழும். சுற்றுமுற்றும் கிடக்கும் உமித்தூளை முதலில் கூட்டி, நனைத்து, வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரமாவது ஆள் நிற்க வேண்டும். உமி சுவாலை இல்லாமல் உள்ளுக்குள் கனன்று, எல்லோரும் போன பிறகு பிடிக்கும்.

பிறகு

அதே 11 கிராம் சமனின்மையோடு கணக்குச் சொல்லும் அதிர்வு வேகம் 0.7. அளந்தது 1.6. எளிய ஒற்றைத் திணிவுக் கணக்கில் பெல்ட்டும் பக்கத்துப் பொறிகளும் இல்லை. வித்தியாசம் அங்கிருந்து வருகிறது. சமன் செய்யாமலே 27.6 இலிருந்து 1.6. இனிச் சக்கரத்தைச் சமன் செய்தால் அது நிலைக்கும்; அவத்தையும் புரளாது, ஒரு பரீட்சை எடையிலேயே இடம் தெரிந்துவிடும்.

மிச்சமிருக்கும் பலவீனம் அந்த 40 ஹேர்ட்ஸ். கப்பிகள் நேர்கோட்டில் இல்லாவிட்டாலோ தண்டு வளைந்திருந்தாலோ சுற்று வேகத்தின் இரு மடங்கில் தள்ளும் விசை வரும். பெல்ட் மாற்றும் ஒவ்வொரு தரமும் இரண்டு கப்பிகளின் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்து, நாலு இடமும் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கர் போல்ட்டைப் போகத்துக்கு ஒரு தரம் இறுக்க வேண்டும். இப்போது இறுக்கினால் ஆட்டம் கூடாது, குறையும். மாறாகக் கூடினால் மீண்டும் சுத்தியலை எடுத்துத் தட்டிப் பார்க்க வேண்டிய நேரம்.

இழுவை இன்னும் வேண்டும் என்று 1,300 சுற்றுக்கு ஏற்ற நினைத்தால், சட்டகம் அதைத் தாங்கும், 21.7 ஹேர்ட்ஸ் அதற்கு ஒரு பொருட்டல்ல. மோட்டர்தான் தாங்காது. வலு 5.2 இலிருந்து 6.6 கிலோவாற்றுக்குப் போகும், 5.5 கிலோவாற் மோட்டரின் சுருள் ஒரு போகம்கூட நிற்காது.